இருபத்தொரு பொத்தான்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து மழை. பம்பாயில் மில் ஸ்ட்ரைக் நடந்த வருஷம், கலர் டிவி வந்த வருஷம். அந்த வருஷத் தீபாவளிக்குப் பட்டறையில் ஆடிய ஆட்டம் இன்று என் போனுக்குள்.

எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. பேத்தி கார்த்திகாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் யாரையும் திட்டலாம்.

அவளுக்கு ஆபீஸ் வாஷியில். வீட்டுக்கு வந்தால் ஒன்றுக்கும் உதவாத புரோகிராமாக எழுதுவாள். போன வாரம், தும்மினால் நிறம் மாறும் கடிகாரம். இந்த வாரம், நான் சொன்ன பொத்தான் ஆட்டம். மொத்தம் 21. நானும் போனும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று. கடைசிப் பொத்தானை எடுப்பவன் தோற்றான். தோற்றால் போன் கழுதை மாதிரி கத்துகிறது.

இன்று 14 கத்தல். மருமகள்: "மாமா, அந்தக் கழுதைய அடக்குங்க. பக்கத்து வீட்டுக்காரி என்ன சத்தம்னு கேக்கா."

ஜூலை 10, வியாழன்

மழை விட்டது. பிரஷர் மாத்திரை மறந்தேன். கழுதை 22.

பாம்பு ஆட்டம், எண் கட்டம், மிட்டாய் அடுக்குவது, எல்லாவற்றிலும் ஜெயிப்பவன் நான். இதில் ஒரு தடவைகூட இல்லை. அன்றும் அப்படித்தான். தாராவியில் பேக் தைக்கும் பட்டறையில் நாலு பேர்: நான், மாரியப்பன், யூசுப், இசக்கிமுத்து. மதியம் சாப்பிட்டதும் தரையில் பித்தளைப் பொத்தானைக் கொட்டி இரண்டிரண்டு பேராக ஆடுவோம், எனக்கு எதிரே எப்போதும் இசக்கி. தோற்றவன் டீ வாங்க வேண்டும். எப்போதும் நான்தான்.

ஜூலை 11, வெள்ளி

கார்த்திகாவிடம் கத்திவிட்டேன். "கள்ள ஆட்டமா எழுதி வச்சிருக்க?"

"அரே தாத்தா, சீட்டிங் இல்ல, கணக்கு. நீங்க ஒண்ணு எடுத்தா போன் மூணு எடுக்கும். ரெண்டுன்னா ரெண்டு. எப்பவும் சேர்த்து நாலு. மிச்சம் 17, 13, 9, 5, அப்புறம் ஒண்ணே ஒண்ணு. அது உங்க தலையில. முதல்ல எடுக்கிறவர் தோத்தே ஆகணும்."

"அப்ப போன் முதல்ல எடுக்கட்டும்."

"மூத்தவர்தான் தொடங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ரூலைத்தான் போட்டேன்."

நான்தான் சொன்னேன். பட்டறை வழக்கம் அது. நால்வரில் மூத்தவன் நான். "நீங்க தொடங்குங்க அண்ணாச்சி" என்பான் இசக்கி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுப்பேன். மரியாதை என்று நினைத்தேன். மடையன்.

அந்தத் தீபாவளிக்கு ஒருவனுக்குத்தான் லீவு என்றார் முதலாளி சேட். ஊரில் என் அம்மா படுக்கையில். இசக்கிக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அவன் எங்களுக்கு அடுத்த ஊர்க்காரன். பொத்தானைப் போட்டுத் தீர்த்தோம்; தோற்றது நான். நீலக் கட்டம் போட்ட சட்டையில் தாதரில் ரயில் ஏறினான். ஒன்பதாம் நாள் எனக்குத் தந்தி, அம்மா போய்விட்டாள் என்று. இசக்கி திரும்பி வந்து, "உங்க அம்மைய பாக்க நேரமில்ல அண்ணாச்சி" என்றான்.

சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூலை 12, சனி

விக்ரோலி. ரயிலில் நின்றபடியே. முட்டிவலி.

இசக்கி, மகன் வீட்டு நாற்காலியில். பல் இல்லை. "வாங்க அண்ணாச்சி! காப்பி குடிக்கியளா?"

வேண்டாம். 21 சட்டைப் பொத்தானை ஸ்டூலில் கொட்டினேன். "நீ தொடங்குலே."

அவன் கை நீளவில்லை. "நீங்கள்லா மூத்தவரு."

"ஒரே ஒரு தடவ. தொடங்குலே."

"மாட்டேன்."

அது போதும், கணக்கு தெரிந்துதான் ஆடியிருக்கிறான். "எங்கம்மை மொகத்த பாக்க விடலியேலே, பாவி!" அவன் மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "நான் பாத்தேன் அண்ணாச்சி. 'பெரியவன் வரலியா'ன்னு கேட்டா. என் கையப் புடிச்சு என்னென்னமோ சொன்னா."

"அத ஏம்ல அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா கணக்கையும் சொல்லணும்லா."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. என்னென்ன சொன்னாள் என்று தெரிய வேண்டுமே. காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

மாரியப்பன் போய்விட்டான். யூசுப் போய்விட்டான். பட்டறைக்காரர்களில் மிச்சம் இருப்பவனும், அம்மா கடைசியாகப் பேசியதைக் கேட்டவனும் அந்தத் துரோகி ஒருவன்தான். இசக்கிமுத்து.