நம்ம நிருபர்

ஊட்டி மார்க்கெட் வாசலில் உன் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் தொங்குகிறது. ஒரு மாத மழையில் ஓரம் கிழிந்து, உன் காதுப் பக்கம் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. கேரட் வாங்கப் போனவன் இன்று நின்று பார்த்தேன். உன்னை அல்ல. உன் தோளை ஒட்டி ஒரு பழுப்பு ஸ்வெட்டர் துண்டு தெரிகிறதே, அதை. அது நான். பைக்காரா படகுத்துறையில் நாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். வெட்டியவன் என் தோளில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டான். உன் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: நம்ம நிருபர்.

அந்த இரண்டு சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். செத்துப்போனவரிடம் என்ன பொறாமை என்று என் மனைவி கேட்கிறாள். இருபது வருடப் பழக்கம், ஒரு மாதத்தில் விட்டுப்போகுமா?

சேரிங்கிராஸில் நம் பேப்பர் ஆபீஸ் இருந்த மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பேக்ஸ் மெஷின். நீ வேலைக்குச் சேர்ந்தபோது உனக்கு மலைக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியாது. 'குந்தாவில் கனத்த மலை பெய்தது' என்று எழுதிக்கொண்டு வந்தாய். "இங்க ரெண்டும் ஒண்ணுதானடா, மேல பாத்தா மழை, கீழ பாத்தா மலை" என்று சிரித்தாய். உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது நான். பேக்ஸில் போகும்போது மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய்விடும் என்பதால், புள்ளிக்குப் பதிலாகக் குட்டி வட்டம் போட்டு எழுதுவது என் வழக்கம். அதையும் பிடித்துக்கொண்டாய். கடைசியில் நம் இருவர் கையெழுத்தையும் ஆபீசில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நம் பேப்பரில் மாவட்டச் செய்தியாளர்களுக்குப் பெயர் கிடையாது. யார் எழுதினாலும் மேலே 'நமது நிருபர்' என்றுதான் வரும். எல்லா வினையும் அதில்தான் தொடங்கியது.

எமரால்டு ஊருக்கு மேலே மண் சரிந்து, எஸ்டேட் தொழிலாளர்கள் லயம் என்று சொல்லும் லைன் வீடுகள் சாய்ந்தபோது போனது நான். ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தேன். கோட்டும் மஃப்ளரும் போக என் கண் மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கும். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், பேக்டரியில் தேயிலை வாட்டும் மாடியில் குழந்தைகளோடு படுத்திருந்தார்கள். இலைக்கு அடிக்கும் சூட்டில் ஈரத்துணியைக் காயப்போட்டிருந்தார்கள். அதை அப்படியே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் நன்றாக எழுதியது அது ஒன்றுதான். நீ செய்ததெல்லாம் பேக்ஸில் போட்டு பட்டனை அமுக்கியது.

முதல் பக்கத்தில் வந்தது. அதிகாரிகள் மலையேறினார்கள். புது வீட்டுக்கு வழி பிறந்தது. அடுத்த வாரம் அந்த ஜனங்கள் ஒரு சால்வையோடு மாடி ஏறி வந்தபோது, நான் குன்னூர் தேயிலை ஏலத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நீ சால்வையோடு உட்கார்ந்திருக்கிறாய்.

"நிருபர் நீங்கதானுங்களான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். நானும் நிருபர்தானடா? அதுக்குள்ள போத்திட்டாங்க. அப்புறம் எப்படி எடுக்கறது?"

சால்வையைக் கழற்றி என்னிடம் நீட்டினாய். "உனக்குப் போட்டது, நீயே வெச்சுக்க" என்றேன். பெருந்தன்மை என்று நீ நினைத்திருக்கலாம். கொதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நீ எமரால்டு பஸ் ஏறினாய். அதற்கடுத்த ஞாயிறும் ஏறினாய். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று அவர்களுக்காக எழுதிக்கொண்டே இருந்தாய். செய்தி எழுதுவது குறைந்தது, மனு எழுதுவது கூடியது. நான் கிண்டல் செய்தேன். பிறகு கட்சிக்காரர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். முதலில் ஊராட்சி ஒன்றியம், அப்புறம் சட்டசபை. சுவரெல்லாம் 'நம்ம நிருபர்'. என் ஒரு செய்தியை ஏணியாகப் போட்டு ஏறிவிட்டாய் என்று நான் முடிவு கட்டினேன். நீ ஜெயித்த செய்தியைக்கூட நான்தான் எழுதினேன். மேலே 'நமது நிருபர்' என்று வந்தது. படித்தவர்கள் அதையும் நீயே எழுதியதாக நினைத்திருப்பார்கள்.

உன் நினைவுக்காக நம் பேப்பர் ஒரு சிறப்புப் பக்கம் போடுகிறது. என்னை எழுதச் சொன்னார்கள். முதல் தடவையாக என் பெயர் வரும், படமும் வரும். எமரால்டுச் செய்தி என்னுடையது என்று அதில் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். யாரும் மறுத்துப் பேசக் கூடாதே என்று, போன வாரம் அந்த எஸ்டேட்டுக்கே போனேன். இருபது வருடத்தில் இரண்டாவது தடவை.

அன்றைக்கு உனக்குச் சால்வை போர்த்திய ராஜேஸ்வரி, இலை எடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். பேப்பரிலிருந்து வருகிறேன் என்றதும் தேத்தண்ணி கொடுத்தாள். மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த மண் சரிவுச் செய்தி, அவர்தான் எழுதுனாருங்களா?"

"இல்லீங்க. எழுதுனது வேற ஆளுன்னு, லயத்துக்கு வந்த மொத ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டாரு. என்னைவிட நல்லா எழுதுவான், ஒருநா கூட்டியாறேன்னாரு." அவள் என் டம்ளரை வாங்கி மறுபடி ஊற்றினாள். "அந்த ஆளு வரவே இல்லீங்களே."

என் கையில் இருந்தது அவளுடைய தேத்தண்ணி. இருபது வருடம் நான் ஊட்டி வளர்த்த கோபத்துக்கு இருந்த ஒரே நியாயம், என் செய்திக்கு நீ பேர் வாங்கிக்கொண்டாய் என்பதுதான். அதையும் நீ அப்போதே பிடுங்கிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாய். சால்வையைத் திருப்பித் தந்தவனிடம் நான் முறுக்கிக்கொண்டேன். அவர்களுக்கு எழுதியவன் யாராயிருந்தாலும் ஒன்றுதான். வந்தவன்தான் நிருபர்.

கிளம்பும்போது ராஜேஸ்வரி ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்தாள். "வீட்டுப் பட்டா இன்னும் வரலீங்க. அவரு இருந்தா எழுதிக் குடுத்துருப்பாரு. நீங்க எழுதுவீங்களா?"

எழுதினேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அவரு எழுத்தாட்டமே இருக்குதுங்க. அவரும் இப்புடித்தான், புள்ளிக்கெல்லாம் முட்டை போடுவாரு. அவருகிட்டக் கத்துக்கிட்டீங்களா?"

அந்த வட்டம் என்னுடையதடா. நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அதற்குள் அவள் கும்பிட்டுவிட்டாள். அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது?

சிறப்புப் பக்கத்துக்கு இன்னும் ஒரு வரி எழுதவில்லை. அவள் கொடுத்தனுப்பிய மனு என் சட்டைப்பையில் இருக்கிறது. நாளை திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள்; கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்க வேண்டும். பார்ப்பவர்கள் உன் ஆள் என்றுதான் நினைப்பார்கள். எரியத்தான் செய்கிறது. பட்டா வந்ததா என்று கேட்க, அடுத்த ஞாயிறு எமரால்டு பஸ்ஸும் ஏற வேண்டும்.