மூன்றாவது இழுப்பு

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. முதலில் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறேன் கண்ணு, அதாவது நான் நன்றாக இருக்கிறேன், உன் மாமாவும் இருக்கிறான், நீயும் அங்கே ஒரு இழுப்பு இழுக்கிற மாதிரி சுகமாக இருக்க வேண்டும். தினமும் காலையில் நீ ஒரே ஒரு மணி அடித்து வைக்கிற போன் தவறாமல் வருகிறது, அது வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அப்பா படகுகளுக்கு அடியில் பாசி சுரண்டப் போகும்போது கயிற்றிலே பேசின பேச்சு, ஒன்று என்றால் நலம், இரண்டு என்றால் தளர்த்து, மூன்று என்றால் தூக்கு, அதில் ஒன்றை மட்டும் நாம் இரண்டு பேரும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற இரண்டையும் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், நானும் நிறுத்திவிடுவேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

ஆஸ்பத்திரி சலவை அறை வேலை பழகிவிட்டது. துவைத்த விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி மடிக்க வேண்டும். போன வாரம் எதிரில் நின்றவள் சுருக்கம் போக இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்தாள், என் கை தானாக விட்டுக்கொடுத்துவிட்டது, வெள்ளை விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. என்னக்கா, கையில எண்ணெயா தடவிட்டு வந்தீங்கன்னு கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு அதை மறுபடி துவைக்கப் போட்டேன். மாமா ஒர்க்‌ஷாப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான், பேச்சு மட்டும் இல்லை.

உன் கடிதத்தை அவன்தான் முதலில் படித்துக் காட்டினான். நீச்சல் குளத்தில் படிப்பு எல்லாம் முடிந்தது, பரீட்சையும் பாஸ், இனி திறந்த தண்ணீரில் நாலு முழுக்குப் போட்டால் சர்ட்டிபிகேட் கையில் என்று எழுதியிருந்தாய். திறந்த தண்ணின்னா என்னடா, மூடி வைக்காத தண்ணியா என்று கேட்டேன். ஆமாக்கா, குடத்துக்கு மூடி இருக்கு, கடலுக்கு யாரு மூடி செஞ்சாங்க என்றான். எல்லாரும் ஒரு வேலையை விடுவதற்குத்தான் முழுக்குப் போடுவார்கள், உன் மருமகள் முழுக்குப் போட்டால்தான் பாஸாம் என்றேன். அப்பா போய்ப் பத்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் பல் தெரிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினதும் அதுவும் போய்விட்டது. உன் டீச்சர் தந்த தாளைக் காட்டினால் ஒரு வருஷத்துக்குள் எந்த ஊரில் வேண்டுமானாலும் அந்த நாலையும் முடிக்கலாம், அங்கே பக்கத்தில் கல் வெட்டின பள்ளத்து ஏரி இருக்கிறது, குளிரும் கலங்கலுமாக இருக்கும், அதனால் இங்கே வந்து துறைமுகச் சுவருக்குப் பக்கத்தில், அப்பா கடைசியாக இறங்கின இடத்தில் முடிக்கிறேன், அம்மா நீ மேலே படகில் கயிறு பிடித்தால் எனக்குப் பயமே இல்லை என்று எழுதியிருந்தாய். மாமா அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் உடனே வேண்டாம் என்று எழுதவில்லை. நீ ஒன்று கேட்டால் விசாரித்துத்தான் சொல்வேன், அது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் முழுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறவரிடம் போனேன். அப்பாவோடு சேர்ந்து பாசி சுரண்டினவர், அப்பாவுக்கு ஆமை என்று பட்டப்பேர் வைத்தது அவர்தான், எவ்வளவு அவசரம் என்றாலும் அப்பா மெதுவாகத்தானே மேலே வருவார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். குட்டி ஆமை வருதா, அனுப்புங்கக்கா, நானே கூட இறங்குறேன் என்றார். முதல் முழுக்கு எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, அந்தச் சுவர்கிட்டதாங்கா, அலை அடங்கி இருக்கிற இடம் அது ஒண்ணுதான் என்றார். கயிறு யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். கயிறே கெடையாதுக்கா, காத்து முதுகிலேயே சிலிண்டர்ல இருக்கு, ரெண்டு ரெண்டு பேரா இறங்கி ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும், கையாலதான் பேச்சு என்று சொல்லிக் காட்டினார். விரலை வளையமாகச் சேர்த்தால் நலம். கட்டைவிரலைத் தூக்கினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லையாம், மேலே போக வேண்டும் என்று அர்த்தமாம். போன வாரம் ஒருத்தர் மீனைப் பாத்த சந்தோஷத்துல சூப்பர் சூப்பர்னு கட்டைவிரலைத் தூக்கினாருக்கா, நானும் பதறிப் பதறி மூணு தரம் மேல கொண்டாந்தேன், கடைசியில என்னைத் திட்டுறார், மீனைக் காட்ட மாட்டியாய்யான்னு. நானும் சிரித்தேன் கண்ணு. தப்பாகப் புரிந்துகொண்டு மேலே கொண்டுவந்தால் ஒரு மீன்தான் போகும்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காற்றுக் குழாய் அறுந்து அப்பா போனார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், போலீஸ் எழுதின தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. படகிலிருந்து காற்று அனுப்புகிற கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டது மாமா, குழாயைச் சோதித்ததும் மாமா, அதனால் தன்னால்தான் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். கயிறு பிடித்திருந்தது நான். அந்த நேரம் பெரிய இழுவைப் படகு ஒன்று பக்கத்தில் போனது, அலை எழும்பி நம் படகு ஆடினது. கயிறு இரண்டு தரம் இழுபட்டது. அதற்குப் பிறகு இன்னும் ஒரு தரம் இழுபட்டது, லேசாக. அது அலை என்று நினைத்துவிட்டேன். இரண்டு என்று எண்ணிக்கொண்டு இரண்டு பாகம், இரண்டு ஆள் நீளத்துக்கு, கயிற்றைத் தளர்த்திவிட்டேன். அவர் தூக்கு என்று சொல்லியிருக்கிறார், நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். மறுபடி இழுப்பு வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருஷம் அவர் மூச்சை என் உள்ளங்கையால் எண்ணினவள் ஒரே ஒரு தரம் தப்பாக எண்ணினேன். அது அலையாகவே இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்ல யாரும் இல்லை, ஆனால் என் கைக்குத் தெரியும்.

கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால் மாமாவிடம் சொல்லிவிட்டேன், பத்து மாதம் என் பாரத்தையும் சேர்த்து அவனைச் சுமக்க விட்டது பெரிய பாவம். அவன் எழுந்து பின்பக்கம் போய், அன்றிலிருந்து கம்ப்ரசர் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்து உதறி மடித்து வைத்துவிட்டு, சாப்பாடு போடுக்கா என்றான்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஏரியிலேயே முடி. பயந்து சொல்லவில்லை, ஆமை பெற்ற பிள்ளையைக் கரையில் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை. அப்பா ஒன்று சொல்வார், அழுகிறவனுக்குக் காற்று பத்தாது, முகக் கண்ணாடிக்குள்ள அழுதா துடைக்கக் கை போகாது என்று. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இறங்கினால் நீ மிச்சக் காற்றைக் காட்டுகிற காற்றுமானியைப் பார்க்க மாட்டாய், கூட வருகிறவரைப் பார்க்க மாட்டாய், அப்பாவைத்தான் தேடுவாய். அவர் அங்கே இல்லை கண்ணு, அவரை நாம் மேலே கொண்டுவந்துவிட்டோம், தாமதமாக வந்தாலும் வந்துவிட்டார். ஏரி குளிர்ந்தால் தடிமனான உடுப்பு இருக்கிறது, கலங்கலாக இருந்தால் கூட்டாளிக்குக் கிட்டத்திலேயே நீந்து. தண்ணீருக்குள் கண்ணாடியைக் கழற்றி மாட்டும்போது நீ பதறுவாய் என்று உன் டீச்சருக்குத் தெரியும், இங்கே இருப்பவர் எவ்வளவு நல்லவர் என்றாலும் அவருக்குத் தெரியாது. உன்னை அறிந்த கண் உன் மேல் இருக்கட்டும். சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு பிறகு இங்கே வா, எத்தனை வருஷம் கழித்து என்றாலும் சரி, நான் படகில் வந்து உட்காருகிறேன். கயிறு மட்டும் என் கையில் தராதே.

சளி இருந்தால் இறங்காதே, காது அடைத்தால் பிடிவாதம் பிடிக்காமல் கொஞ்சம் மேலே வந்து சரிசெய்துகொள், அப்பா மாதிரி மெதுவாகவே மேலே வா, வெளியே வந்ததும் தலையைத் துவட்டிச் சூடாக ஏதாவது குடி. தண்ணீர் உன்னைத் தாங்கட்டும், நீளமான மூச்சும் நீண்ட ஆயுளும் உனக்கு வாய்க்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்த பிறகு என் மேல் கோபம் வந்தால் காலையில் போன் அடிக்காமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, நான் தப்பாக நினைக்க மாட்டேன், அடுப்பையும் பற்றவைத்துக்கொள்கிறேன். ஆனால் ஏரியில் இறங்குகிற நாளில், கோபம் இருந்தாலும் சரி, மேலே வந்ததும் ஒரே ஒரு மணி அடித்துவிடு. இந்தத் தடவை சரியாக எண்ணுவேன்.

இப்படிக்கு,
படகில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா