மலர் படுத்து வந்த முட்டைகள்

பாய்,

இன்று காலை கடையைத் திறந்தபோது, சாரலில் நனைந்த முட்டை அட்டைகளின் வாசனை மூக்கில் ஏறியது. ஈரக் காகிதமும் கோழிப் பண்ணையும் கலந்த வாசனை. உங்கள் வண்டி வந்து நின்றாலே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடுகிற வாசனை. இப்போது முட்டை கொண்டுவருகிறவர் வேறு ஆள். நல்ல மனிதர்தான். அட்டைகளை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்காமல் போய்விடுகிறார்.

நீங்கள் அப்படிப் போனதே இல்லை. வாணியம்பாடியில் முட்டை ஏற்றி, ஆலங்காயம் வழியாக மலையேறி, காவலூர் கடைகளுக்குப் போட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வரும்போது உச்சி வெயில் சாய்ந்திருக்கும். டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் ஊர்க்கதையே ஆரம்பிக்கும்.

பழகிய புதிதில் ஒருநாள், நான் அட்டைகளைப் பயந்து பயந்து வாங்குவதைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஒரு முட்டையை என் இடது உள்ளங்கையில் வைத்து, "மூடி அழுத்துப்பா" என்றீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். கைதான் வலித்தது, முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. "இப்போ அந்தக் கையில" என்றீர்கள். வலது கையில் கல்யாண மோதிரம். லேசாக அழுத்தியதுமே மோதிரம் பட்ட இடத்தில் ஓடு விட்டுவிட்டது. சட்டையெல்லாம் மஞ்சள் கரு. உள்ளேயிருந்து மலர் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், இத்த தோய்க்கப் போறது நீங்களா, நானா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மனிதர் ஆகிவிட்டீர்கள்.

மலருக்குப் பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறொரு ஊருக்குப் போயிருந்தது, திரும்ப நேரமாகும் என்றார்கள். பஸ் போய்விட்டது. மலரின் அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள கீழ எறங்கிடுச்சி, சீக்கிரம் வண்டி பாரு" என்றாள். நான் தெருவுக்கு ஓடி வந்தபோது எதிரே உங்கள் வண்டி.

விஷயத்தைச் சொன்னேன். பின்னால் பார்த்தேன். முழுக்க முட்டை.

"எறக்கிடலாம் பாய்" என்றேன்.

"எறக்கிட்டு வெறும் தகரத்துலயா படுக்க வெப்ப? ஒவ்வொரு குலுக்கலும் அவங்க முதுகுல ஏறும். முட்டை மேலயே படுக்கட்டும்."

எனக்குப் புத்தி பேதலித்தது போல இருந்தது. "ஒடஞ்சி உள்ள வுழுந்துட்டா?"

"வுழாதுப்பா. நெட்டுக்கு நிக்கிற முட்டை பாரம் தாங்கும். எல்லாத்துக்கும் பிரிச்சிக் குடுக்கணும், அவ்ளோதான். கதவு கெடைக்குமா?"

கடையின் பின்கதவைக் கழற்றினோம். நீங்கள் அட்டை அடுக்குகளை ஒரே உயரத்துக்குச் சமப்படுத்தி, கயிற்றால் சுற்றி இறுக்கினீர்கள். மேலே காலி அட்டைகளைப் பரப்பி, அதன்மேல் கதவு, அதன்மேல் மெத்தை. மலரை நானும் அக்காவும் தூக்கிக் கிடத்தினோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓடு நொறுங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அட்டைகள் மட்டும் மெல்ல அமுங்கிக் கொடுத்தன.

நீங்கள் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே பாய், எனக்கு உயிர் போனது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நடந்து போனது. மலர் என் கையைப் பிடித்து முறுக்குகிறாள். அக்கா சாமியைக் கூப்பிடுகிறாள். நான் பின்பக்கமிருந்து கத்தினேன்: "இன்னா பாய் இது! கொஞ்சம் அழுத்துங்க!"

நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள். "கத்தாதப்பா. பாரம் தாங்கும், இடி தாங்காது. பள்ளத்துல ஒரு தபா தூக்கிப் போட்டா, முட்டையும் போச்சி, உன் பொண்டாட்டிக்கும் ஆபத்து. நீ அவங்ககிட்ட பேசிக்கினே வா."

அதனால் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. முட்டி போட்டபடி அவள் காதருகே ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில் அவள் வலிக்கு நடுவே, "பாய் வண்டி ஊஞ்சல் மாதிரி போவுது" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன சற்று நேரத்தில் பெண் பிறந்தாள். அவளுடைய அழுகை வெளியே கேட்டதும், நீங்கள் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூட உங்கள் கைகளால் திறக்க முடியவில்லை. வழியெல்லாம் அந்தக் கைகள் ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தவன் நான்.

"பயந்துட்டீங்களா பாய்?"

"பின்ன? கதவு போட்டு முட்டை மேல யாரையாச்சும் இதுக்கு முன்ன படுக்க வெச்சிப் பாத்துகீறேனா நானு?"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கதவைத் தூக்கிப் பார்த்தோம். அதன் அடியில் எல்லாம் அப்படியே இருந்தன. ஓரத்தில், கதவுக்கு வெளியே நான் முட்டி போட்டிருந்த இடத்தில் மட்டும் முட்டைகள் கூழாகிக் கிடந்தன. என் பேண்ட்டில் மஞ்சள் காய்ந்து போயிருந்தது. "உன் வூட்டம்மாவ தாங்கிச்சி, உன் முட்டிய தாங்கல" என்றீர்கள்.

அடுத்த முறை நீங்கள் மலையேறியபோது ஊரே கடையில் நின்றது. மலர் படுத்து வந்த முட்டைதான் வேண்டுமாம், பிள்ளை சுமக்கிற பெண்களுக்குக் கொடுக்க. "அது அன்னிக்கே வித்துப் போச்சி" என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டும் யாரும் நம்பவில்லை.

வருஷங்கள் கழித்து நீங்கள் நோயில் படுத்ததை எங்களுக்குச் சொல்லவே இல்லை. வண்டி வராமல் போகவே, விசாரித்துக்கொண்டு வாணியம்பாடிக்கு வந்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. "மலையில யாருக்கும் சொல்லாதப்பா. பாவம், பஸ் ஏறி வந்துடுவாங்க" என்றீர்கள். ஊருக்குத் திரும்பியதும் எல்லாரிடமும் சொன்னேன். சாமை, புளி, தேன் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். முதலில் என்னைத் திட்டினீர்கள். பிறகு, "இன்னாப்பா, மலையே எறங்கி வந்துடுச்சி" என்று தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்தீர்கள். என் மகள் உங்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தான் பிறந்த கதையை உங்களுக்கே சொன்னாள். முதன்முறை கேட்பவர் போலக் கேட்டீர்கள்.

உங்கள் இறுதிப் பயணத்தன்று நான் தெருவோரமாக நின்றிருந்தேன். உங்களைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் சில அடிக்கு ஒருமுறை தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். எனக்கு முறை தெரியாது. கேட்கவும் தயக்கம். உங்கள் மச்சினர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க, தோள் குடுங்க" என்று தன் இடத்தைவிட்டு நகர்ந்தார்.

கொடுத்தேன். இவ்வளவு லேசாகவா இருப்பீர்கள் என்று திகைத்துப்போனேன். சுற்றிலும் அத்தனை தோள்கள். சில அடிகள் போவதற்குள் பின்னாலிருந்து ஒருவர் என் இடத்துக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மலர் கேட்டாள், "பாய் ரொம்ப பாரமா இருந்தாரா?"

இல்லை என்றேன். அந்தச் சில அடிகளை நான் இன்னும் தோளிலிருந்து இறக்கி வைக்கவில்லை, பாய்.