மேற்குச் சுவரில் இருபத்து நான்கு பொந்துகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம்தான், மாத்திரை நேரத்துக்கு இறங்குகிறது, கால்வலி இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ சுகமாக இருப்பதைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நாங்கள் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தை வரைந்ததற்கு நீ பரிசு வாங்கும் படம். அம்மா அதை எதிர்வீட்டில் காட்டிவிட்டு வந்து, "இளைச்சுப் போயிட்டாளே" என்று அழுதாள். வேளைக்குச் சாப்பிடு. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனாவது வாரம் ஒருமுறை கூப்பிடுகிறான்.

குருவிகளுக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்று பேப்பரில் சொல்லியிருக்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டும்போதே நான் சொன்னேன், குருவிப் பொந்துகளை வடக்குச் சுவரில் வை, மேற்கில்தான் என்றால் மேலே ஒரு சாண் சன்ஷேடாவது போடு என்று. வடக்குப் பக்கம் தெருவிலிருந்து தெரியாது, சன்ஷேடு போட்டால் முகப்பு கெட்டுவிடும் என்றாய். "வெயில் கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்பா" என்று சிரித்தாய். நாற்பது வருடம் வெயிலில் நின்று சுவர் எழுப்பிய கொத்தனாருக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும், வாயை மூடிக்கொண்டேன். இப்போது மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியவில்லை. உள்ளே வேகிற குஞ்சுகள் காற்றுக்காகப் பொந்து வாசலுக்கு வந்து, இறக்கை முளைக்காமலே மூன்று மாடி கீழே விழுகின்றன. நேற்று வாசல் பெருக்கும் அம்மா முறத்தில் ஐந்தைக் கொண்டுவந்து, "உங்க பொண்ணு கட்டிக் குடுத்த வீடுதானே இது?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனால், பரிசு வாங்கிய சுவர், வரைந்தவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார். சன்ஷேடு போடலாம் என்று நீ கையெழுத்திட்டுத் தரவேண்டிய அந்த இரண்டு வரிக்குத்தான் மூன்று தடவை உனக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று தடவையும் கட்டைவிரல் படம் வந்தது. அது சரி என்று அர்த்தமா, படித்தேன் என்று அர்த்தமா, தொந்தரவு செய்யாதே என்று அர்த்தமா, எனக்கு விளங்கவில்லை அம்மாடி. உன்னைப் படிக்க வைத்தது நான்தான், கோபத்தை யாரிடம் காட்டுவது? அதே சுவரை நீ இருக்கும் ஊரில் இன்னொரு கட்டடத்துக்கும் வரைகிறாயாம். அதுவும் அந்தப் பேப்பரில்தான் இருந்தது.

எங்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து கை எட்டும் பொந்தில் இரண்டு குஞ்சுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கூடத்தில் மாட்டச் சொல்லி நீ அனுப்பினாயே, இந்தக் கட்டடத்தின் பெரிய படம், அதன் அட்டை நல்ல கெட்டி. கம்பி கட்டி அந்தப் பொந்துக்கு மேல் நிழலாக நிறுத்திவிட்டேன். செயலாளர் கத்தினார், கத்தட்டும். மற்ற பொந்துகளுக்கு என் கை எட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், உன் கை தொட்டதெல்லாம் நிலைக்கட்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறோம். அந்த இரண்டு வரியை இந்த வாரமே எழுதி அனுப்பு. வீடியோவில் பேசும்போது கூடத்தில் படத்தைக் காணோமே என்று கேட்காதே, உன் பக்கத்தில் யார் இருந்தாலும் அம்மா உண்மையைச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கொத்தனார்.