ஆணியில் தொங்கும் பழைய பெல்ட்

மெதெர் அண்ணா,

அப்பா இறந்ததிலிருந்து அவருடைய காரைக் கிளப்பினாலே அது கிறீச்சிட்டது. "அப்பாதான் கூப்பிடுறாரு, இறந்தவங்களுக்குச் செய்ற மாதிரி ஏழு ரொட்டி பொரிச்சுப் படைக்கணும்" என்றாய். "என்ஜின் பெல்ட் தேஞ்சா எல்லா வண்டியும்தான் கூப்பிடும்" என்று கேலி செய்தேன். கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெடிப்பு, ஓரம் நார்நாராக. நேற்று புதுசு மாட்டினேன். சத்தம் நின்றது. பழசைக் கொட்டகை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இன்று விடிகாலையில் கொட்டகைக்குள் அதே கிறீச். கார் தெருவில் நிற்கிறது, சாவி என் பையில். நாய் கொட்டகைக் கதவைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

ஏழு ரொட்டியும் பொரித்து மேசையில் மூடி வைத்திருக்கிறேன். துவா ஓதிவிட்டுச் சாப்பிடு. நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

ஜில்திஸ்

கொட்டகையை நான் திறக்கவில்லை. நீ திறந்தால், மத்தியானம் வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்.