பொன்னுருக்கிய பிறகு

எஹலியகொட,
தை மாதம், 1912.

சீனத்து ஹாங்கோ ஆஸ்பத்திரியில் காயக்காரருக்கு மருந்து கட்டும் அன்புள்ள அத்தானுக்கு, செல்வநாயகி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகம் தெரியாமல் இருப்பது ஒன்றுதான் குறை.

மார்கழியில் வந்த கடிதத்தோடு சரி, பிறகு ஒன்றும் வரவில்லை. அதைத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். அரசனின் சிப்பாய்களும் புரட்சிக்காரரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அரசன் வேண்டாம் என்று சடையை வெட்டிய ஒருவன், வெட்டிய சடையைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறானாமே. அவனுக்குக் காயம் ஆறிவிட்டதா? முகம் தெரியாத அவனுக்காகவும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

கடைத்தெரு மக்கீன் நானா சீனத்துச் செய்தி வந்த பேப்பரில் சாமான் சுற்றுவதில்லை. எனக்கென்று எடுத்து வைத்துத் தபால்காரனிடம் கொடுத்தனுப்புகிறார். ஹாங்கோ நகரம் பாதி எரிந்துபோனதை அதில்தான் படித்தேன். அன்று கறிக்கு உப்புப் போட மறந்து அப்புவிடம் ஏச்சு வாங்கினேன்.

தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. ரப்பர் பால் வெட்டு பாதி நாள் நிற்கிறது, கூலிக்காரரின் லயங்களில் காய்ச்சல். பால் வெட்டும் சின்னம்மா வந்து, "புது ஐயா குடுக்கிற மருந்து கசக்கவே மாட்டேங்குதுங்க, அப்புறம் காய்ச்சல் எப்படிங்க விடும், நம்ம மருந்து ஐயா எப்பங்க வருவாரு" என்று கேட்டாள். உங்களைக் கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பலாங்கொடைத் தபால் கந்தோரில் வேலை பார்க்கும் ஒருவரை அப்பு எனக்கு மாப்பிள்ளையாகப் பேசியிருக்கிறார். "தாலிக்குப் பொன்னுருக்கினால் மாப்பிள்ளை வாசற் படலை தாண்டக் கூடாது, இவன் கடலையே தாண்டிப் போட்டான், இனி இது சரிவராது" என்கிறார். தோட்டத்து டாக்டர் துரை சீனத்துக்குக் கூப்பிட்டதும், கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, நீங்கள் கப்பலேறியதை என்னைப் பெற்ற அவரால் பொறுக்க முடியவில்லை. கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அங்கே அத்தனை பேர் காயத்தோடு கிடக்க, நீங்கள் இங்கே மாலையும் கழுத்துமாக நின்றிருந்தால், உங்களை எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.

போன வெள்ளிக்கிழமை, சம்பந்தத்தை முறித்துவிட்டு வர அப்பு உங்கள் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். உருக்கிய பொன்னை மச்சாள் மஞ்சள் துணியில் முடிந்து சாமியறையில் வைத்திருக்கிறார் அல்லவா? நான் வாசலை மறித்து நின்றேன். அந்தப் பொன்னைப் பழையபடி பவுன் காசாக்கிக் கொண்டுவாருங்கள், பிறகு பலாங்கொடைக்காரருக்குச் சம்மதம் சொல்கிறேன் என்றேன். என் வாயிலிருந்து இவ்வளவு வரும் என்று நானே நினைக்கவில்லை. அப்பு சால்வையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். பொழுதுபட்ட பிறகு, "சித்திரை வருஷப்பிறப்பு மட்டும் பாப்பம், அதுக்குப் பிறகு நீ வாய் திறக்கக் கூடாது" என்றார். அதுவரைக்கும்தான் எனக்குத் தவணை.

பொன்னுருக்கினால் தாலி ஏறும் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று, விடைபெற வந்தபோதும் விரித்த குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சீனாவுக்குப் போகத் துணிந்தவருக்கு அந்த ஒரு முறையை மீற மட்டும் மனம் வரவில்லை. நான் கண்டது நனைந்த வேட்டிக் கரையும் இரண்டு பாதங்களும்தான். மழை இரைச்சலில் நீங்கள் சொன்னது பாதியும் கேட்கவில்லை. இப்போது உங்கள் முகத்தை நினைத்தால் குடைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காயம் கட்டும் உங்கள் கைகளைப் பிள்ளையார் காக்கட்டும். சண்டை ஓய்ந்ததும் முதல் கப்பலில் ஏறுங்கள். வருஷப்பிறப்புக்கு முன் வந்துவிடுங்கள். முறை தவறினால் பழி என்னுடையதாக இருக்கட்டும், எவ்வளவு மழை பெய்தாலும் படலையில் குடையை மடக்கிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் பார்க்கக் காத்திருக்கும்
செல்வநாயகி