இருட்டுக்கு ஐந்தே நிமிடம்

மார்ச் 4

இன்று மருத்துவக் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மாட்டுக் கண் அறுத்துக் காட்டினேன். எத்தனை சோப்பு போட்டும் கையை விட்டு வாடை போகவில்லை. சாப்பாட்டில் கை வைக்காமல் ஸ்பூனால் அள்ளி விழுங்கினேன்.

வெளிச்சம் பட்டால் விழித்திரையில் ராத்திரிப் பார்வைக்கான குச்சி செல் என்ன செய்யும் என்று கேட்டேன். "ஆன் ஆகும் மேடம்" என்றது மொத்த வகுப்பும். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இருட்டில்தான் அது ஓயாமல் வேலை செய்கிறது: கதவுகள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, அடுத்த செல்லுக்கு ரசாயனத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் நிறமிக்குள் வளைந்து கிடக்கும் துணுக்கு நிமிர்கிறது. கதவுகள் சாத்திக்கொள்கின்றன, கொட்டுவது குறைகிறது. அந்தக் குறைவிலிருந்துதான் மூளைக்குச் சேதி கிளம்புகிறது. இவ்வளவும் சொல்லி முடித்தால், "பரீட்சைக்கு வருமா மேடம்?" என்கிறான் ஒருத்தன். சீ.

மார்ச் 7

தம்பி வந்து அழுதுவிட்டுப் போனான். ராத்திரியில் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். வருடாந்தரப் பரிசோதனையில் அவன் குச்சி செல்கள் அநேகமாகச் செத்துவிட்டன என்று வந்திருக்கிறது. இனி எஞ்சினில் ஏறக் கூடாதாம். சோதித்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான், அவருடைய கண் மருத்துவமனையில்.

"அக்கா, எனக்கு ராத்திரி நல்லாத்தான்க்கா தெரியுது. ஓரத்துல படுத்திருக்கற நாய்கூடத் தெரியுது."

அவரிடம் கேட்டேன். "மெஷின் பொய் சொல்லாது. உன் தம்பிங்கறதுக்காக மாத்தி எழுத முடியுமா?" என்றார். கோபம் வந்தாலும் உள்ளுக்குள் மதிப்பாகத்தான் இருந்தது.

மார்ச் 8

எங்கள் வம்சத்தில் யாருக்கும் மாலைக்கண்கூட இல்லையே. இவனுக்கு மட்டும் எப்படி?

மார்ச் 11

வகுப்பு இல்லை. மருத்துவமனைக்குப் போய், அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று நின்று பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஒரு பெரியவர். முதலில் அவர் கண்ணுக்குள் பளீரென்று விளக்கடித்து விழித்திரையைப் பார்க்கிறார்கள். அப்படியே இழுத்துக்கொண்டு போய் இருட்டறையில் உட்கார வைக்கிறார்கள். கதவைச் சாத்தி, திரும்பிப் பார்ப்பதற்குள் சோதனை ஆரம்பம். நர்ஸைக் கேட்டேன்.

"முன்னாடி அரைமணி நேரம் வெப்போம் மேடம். இப்ப கூட்டம் ஜாஸ்தி. அஞ்சு நிமிஷம் போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

ஐந்து நிமிடம்! அவ்வளவு வெளிச்சத்தில் நிறமித் துணுக்கெல்லாம் நிமிர்ந்து போயிருக்கும். பழையபடி வளைந்த துணுக்கு வந்து சேர இருட்டில் நேரம் வேண்டாமா? ஓடிவந்து மூச்சு வாங்குகிறவனைப் பாடச் சொல்லிவிட்டு, குரல் செத்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பார்களா? இவர்கள் கொடுக்கிறார்கள். முத்திரை குத்தி.

வீட்டில் கேட்டதற்கு, "நீ போர்டுல படம் போட்டுச் சொல்றது வேற, வாசல்ல ஜனம் நிக்கறது வேற" என்றார். கல்லூரியில் இதே பாடத்தை எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இவர்!

மார்ச் 13

என் பிடிவாதத்தில் தம்பிக்கு மறு சோதனை. அரைமணி நேரம் கும்மிருட்டு. மங்கிய வெளிச்சம் மினுக்கியதும், கண்ணின் பதிலைக் காட்டும் திரையில் அலை ஜம்மென்று எழுந்தது. அவன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நர்ஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் வீட்டுக்காரர் சொன்னார்: "இவனுக்கு வேற ரிப்போர்ட் குடுத்துடறேன். மத்தவங்கள இப்ப போய்க் கிளற வேணாம். பேர் நாறிடும்."

நாறிவிடுமாம். இப்போது மணக்கிறதாக்கும்.

பின்சீட்டிலிருந்து தம்பி: "விடுக்கா, மாமா பாவம். எனக்குத்தான் வேலை திரும்பக் கிடைச்சிருமே." நேற்று வரை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவன்! இவனையா தூக்கி வளர்த்தேன்?

மார்ச் 14

அவர் வாங்கிவந்த இனிப்பைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 19

இந்த மனுஷனோடு எப்படி ஒரே மேஜையில் சாப்பிடுவது? கை கழுவுகிறார், நிதானமாக, விரல் விரலாக. எத்தனை பேருக்கு இதே கையால் எழுதிக் கொடுத்தார் — நீ குருடாகப் போகிறாய் என்று?

இன்று சொல்லிவிட்டேன். "ஒருத்தர் விடாம நீங்களே கூப்பிட்டு மறுபடி சோதிங்க. இல்லேன்னா மருத்துவ கவுன்சிலுக்கு நான் எழுதறேன்."

"புருஷன் மேலயே புகாரா?"

"ஆமா."

அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 24

அவர் இன்னும் கூடத்தில்தான் படுக்கிறார். ஆனால் நர்ஸ் போன் செய்தாள்: ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பழைய ஆட்களை மறு சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம்.

மார்ச் 30

நானும் போனேன். முதலில் வந்தவர் லாரி வைத்து ஓட்டியவர். இருட்டறையில் அரைமணி நேரம் அவருக்குப் பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். பாவம், மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டிருந்தார். அலை நன்றாகவே எழுந்தது.

வீட்டுக்காரர்தான் சொன்னார். நான் சொல்ல மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. அன்னிக்கு நாங்கதான் தப்பா சோதிச்சுட்டோம்."

அந்த மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"லாரிய வித்துட்டேனே சார்."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்லேன் என்கிற முகம். நான் ஒரு நாற்காலியை இழுத்து, அந்த மனிதருக்கு நேர் எதிரே போட்டேன்.

வீட்டுக்காரர் வந்து, அந்த மனிதரைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்தார்.